வில்லன் பக்கம் சேரலாமா?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் தெருவில் வசிக்கும் நண்பர் ஒருவர் வீட்டிற்கு வந்தார். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகனுக்கு அண்மையில்தான் புதிய கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்திருந்தார். எந்த ப்ராசசர், எவ்வளவு ராம் என்றெல்லாம் என்னிடம் கேட்டுத்தான் வாங்கினார் என்பதால், அதில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். கம்ப்யூட்டர் நன்றாகத்தான் இருந்தது.

"சார், பையன் ஒரு கேம் ஆடுறான். அதுல அகதிங்க தங்கியிருக்கிற இடத்தை இவனே ஆளுங்களைக் கூட்டிக்கிட்டுப் போய் அழிக்கிறான். நல்லவங்க பக்கமும் சேரலாமாம். இவன் வேணும்னே கெட்டவங்க பக்கம் சேர்ந்திருக்கான். இதுக்கா சார் இவ்வளவு செலவு பண்ணினேன்?" என்றார்.

மாலையில் அவர் வீட்டிற்குச் சென்றேன். மகன் வேறு ஒரு கேள்வியுடன் காத்திருந்தான். "அங்கிள், வில்லன் பக்கம் சேர்ந்தா நிறைய கிடைக்கும்னு நினைச்சேன். கூட இருந்தவங்கதான் ஒவ்வொருத்தரா போறாங்க. சேர்ந்தது தப்பா?" என்று கேட்டான்.

தந்தையின் கேள்வி ஒழுக்கம் பற்றியது. மகனின் கேள்வி லாப நஷ்டம் பற்றியது. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பல வீடுகளில் இந்த இரண்டு கேள்விகளும் எழக்கூடும் என்பதால், இந்த மாதம் இதைப் பற்றிப் பார்க்கலாம். ஒரு சிறு எச்சரிக்கை: எடுத்துக்காட்டுகளுக்காகச் சில கேம்களின் கதையைச் சொல்ல வேண்டியுள்ளது. அவற்றை இனிமேல்தான் ஆடப் போகிறீர்கள் என்றால், அந்தப் பகுதிகளை மட்டும் தாண்டிச் செல்லுங்கள்.

ஆர்.பி.ஜி. என்றால் என்ன?

கார் ரேஸ் கேமில் வேகமாக ஓட்டினால் வெற்றி. செஸ் கேமில் ராஜாவை மடக்கினால் வெற்றி. ரோல் பிளேயிங் கேம், சுருக்கமாக ஆர்.பி.ஜி., வேறு வகை. இதில் ஒரு கதாபாத்திரத்தை நீங்களே உருவாக்கி, அதன் பெயரில் ஒரு கதைக்குள் வாழ்கிறீர்கள். எதிரில் ஒருவர் பேசினால், நீங்கள் சொல்லக் கூடிய பதில்கள் திரையில் வரிசையாகக் கிடைக்கும். அவற்றில் ஒன்றைக் கிளிக் செய்திட வேண்டும். நீங்கள் தேர்ந்தெடுத்ததைக் கேம் நினைவில் வைத்துக் கொள்கிறது. இன்று நீங்கள் ஒருவரை ஏமாற்றினால், பத்து மணி நேரம் ஆடிய பிறகு அவருடைய தம்பி வந்து கேள்வி கேட்கலாம்.

இத்தகைய கேம்களில் பல அணிகள் இருக்கும். சில நல்லவை, சில கெட்டவை, சில இரண்டும் கெட்டான். எந்த அணியில் சேர்வது என்பதைப் பல கேம்கள் உங்களிடமே விட்டுவிடுகின்றன.

சேர்ந்தால் ஆட்டம் முடிந்தது

தொடக்க காலத்தில் வில்லனின் அழைப்பு வெறும் பொறியாகவே இருந்தது. ஜப்பானில் 1986-இல் வெளியான டிராகன் க்வெஸ்ட் கேமில், இறுதிப் போருக்கு முன் டிராகன் லார்ட் என்னும் வில்லன், "என்னுடன் சேர்ந்தால் பாதி உலகம் உனக்கு" என்ற பொருளில் ஆசை காட்டுவான். சரி என்று சொன்னால் ஆட்டம் அத்துடன் முடிந்துவிடும். இதே அழைப்பை மையமாக வைத்து 30 ஆண்டுகள் கழித்து, 2016-இல், டிராகன் க்வெஸ்ட் பில்டர்ஸ் என்ற கேம் வந்தது. வீரன் அன்று சரி என்று சொல்லியிருந்தால் உலகம் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் அதன் கதை.

1997-இல் வந்த ஃபால்அவுட் கேமிலும் இதே நிலைதான். அணுப் போருக்குப் பின் மனிதர்களை எல்லாம் ராட்சத உருவங்களாக மாற்றி, ஒரே இனமாக்கிச் சண்டையே இல்லாத உலகம் படைக்க வேண்டும் என்பது மாஸ்டர் என்னும் வில்லனின் திட்டம். நீங்கள் அவனுடன் சேரலாம். சேர்ந்தால், உங்கள் சொந்த மக்கள் வாழும் நிலவறைக்குள் அந்த ராட்சதர்கள் புகுவது திரையில் ஓடும். அத்துடன் கேம் முடியும். ஆனால் இங்கே ஒரு முன்னேற்றம் உண்டு. மாஸ்டரின் ராட்சதர்களுக்குக் குழந்தை பிறக்காது என்பதை ஆதாரத்துடன் எடுத்துக் காட்டினால், தன் திட்டம் வீண் என்பதை அவனே ஒப்புக்கொண்டு தன் கதையை முடித்துக் கொள்வான். அதாவது, அவன் காரணத்தோடு செயல்படும் வில்லன். அவனோடு வாதம் செய்ய முடியும்.

நான் செய்த தவறு

முழு நீளத்திற்கு வில்லன் பாதையில் நான் சென்ற முதல் கேம், 2003-இல் பயோவேர் நிறுவனம் உருவாக்கிய ஸ்டார் வார்ஸ்: நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிபப்ளிக். இதில் நீங்கள் செய்யும் ஒவ்வொரு செயலும் உங்களை ஒளியின் பக்கமோ இருளின் பக்கமோ நகர்த்தும். இருளின் பக்கம் சாய்ந்தால், மின்னலை ஏவுவது போன்ற தீய சக்திகளைக் குறைந்த செலவில் பயன்படுத்தலாம். முகமும் வெளிறிப் போகும்.

அந்தச் சக்திகளுக்கு ஆசைப்பட்டே நான் இருளின் பக்கம் போனேன். வேறு காரணம் இல்லை. கதையின் பிற்பகுதியில் ஒரு கடற்கரைக் காட்சி வரும். உங்களுடன் பயணம் செய்யும் மிஷன் என்னும் 14 வயதுப் பெண், "இந்த வழி வேண்டாம்" என்று எதிர்த்து நிற்பாள். அவளுடைய உயிர்த் தோழன் ஸால்பார். உடல் முழுவதும் ரோமம் கொண்ட வூக்கி இனத்தைச் சேர்ந்தவன். முன்பு அவனை அடிமை வியாபாரிகளிடமிருந்து நீங்கள் மீட்டிருப்பீர்கள். அதற்காக வாழ்நாள் முழுவதும் உங்களுக்குக் கடன்பட்டிருப்பதாக அவன் சத்தியம் செய்திருப்பான். உங்கள் மந்திர சக்தியைச் செலுத்தி, மிஷனைக் கொல்லும்படி அவனுக்கே நீங்கள் கட்டளையிட முடியும்.

நான் கட்டளையிட்டேன். என்ன நடக்கிறது பார்ப்போம் என்ற ஆர்வம்தான். ஸால்பார் கெஞ்சினான். பிறகு செய்தான். நான் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். செஞ்சோற்றுக் கடனுக்காகத் துரியோதனன் பக்கம் நின்ற கர்ணனைப் பற்றி நாம் சிறு வயதிலிருந்தே கேட்டு வருகிறோம். அந்தக் கடனை வாங்கிக் கொள்பவன் இடத்தில் நான் இருந்தது அதுதான் முதல் முறை.

மறுநாள் அந்தக் காட்சிக்கு முன்னால் போய் வேறு முடிவு எடுக்கலாம் என்று பார்த்தால், முடியவில்லை. ஒரே சேவ் பைலை மீண்டும் மீண்டும் மேலெழுதி வந்திருந்தேன். பல வார உழைப்பு அந்தக் கடற்கரைக்குப் பின்னால்தான் நின்றது. மூன்று மாதங்கள் அந்தக் கேமைத் தொடவே இல்லை.

இதிலிருந்து நான் கற்றது இதுதான். வில்லன் பக்கம் சேர்வதில் அர்த்தம் உண்டா என்பதை, அங்கே கிடைக்கும் ஆயுதத்தையும் பணத்தையும் வைத்து முடிவு செய்யக் கூடாது. அந்தப் பக்கத்தில் உங்களுக்கு ஒரு கதை இருக்கிறதா, அங்கே நிற்க உங்கள் கதாபாத்திரத்திற்குக் காரணம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்க மூன்று கேள்விகள் உதவும்.

1. எந்தப் பக்கத்தில் கதை அதிகம்?

பெதஸ்டா நிறுவனம் 2011-இல் வெளியிட்ட ஸ்கைரிம் கேமில் டார்க் பிரதர்ஹூட் என்ற கொலைகாரர் சங்கம் உண்டு. அதன் தலைவி ஆஸ்ட்ரிட் ஒரு குடிசையில் உங்களைச் சந்தித்து, கட்டிப் போடப்பட்டிருக்கும் மூவரில் ஒருவரைக் கொல்லச் சொல்வாள். கொன்றால் சங்கத்தில் சேரலாம். மாறாக ஆஸ்ட்ரிட்டையே கொன்றால், சங்கத்தை ஒழிக்கும் பணி தொடங்கும்.

ஒழித்தால் கிடைப்பது 3,000 தங்க நாணயம். வேலை ஒரே பணியில் முடிந்துவிடும். சேர்ந்தாலோ, பேரரசர் வரை செல்லும் நீண்ட தொடர்கதை விரியும். கடைசிக் கொலைக்கு மட்டுமே 20,000 நாணயம். இந்தக் கேமை எழுதியவர்கள் தங்கள் உழைப்பை எந்தப் பக்கம் கொட்டியுள்ளனர் என்பது தெளிவாகத் தெரிகிறது. ஆனால் அந்தத் தொடர்கதையில், சொந்தத் திருமண விழாவில் உட்கார்ந்திருக்கும் மணப்பெண்ணைக் கொல்லும் பணியும் வரும் என்பதைத் தெரிந்துகொண்டு சேருங்கள்.

எல்லாக் கேம்களும் இப்படி இல்லை. பெரும்பாலானவற்றில் நல்லவர் பக்கமே கதை அதிகம். காரணம் எளிது. மாஸ் எஃபெக்ட் கேம்களில் பணியாற்றிய வடிவமைப்பாளர் ஒருவர், ஆடியவர்களில் சுமார் 92 சதவீதத்தினர் நல்லவர் வழியையே தேர்ந்தெடுத்ததாக 2020-இல் கூறினார். பத்துப் பேரில் ஒருவர் மட்டும் பார்க்கப் போகும் காட்சிக்கு எந்த நிறுவனமும் அதிகம் செலவழிக்கத் தயங்கும் அல்லவா?

2. வில்லன் சொல்லும் காரணம் கண்ணுக்குத் தெரிகிறதா?

2010-இல் அப்சிடியன் நிறுவனம் உருவாக்கிய ஃபால்அவுட்: நியூ வேகாஸ், இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சீசர் என்பவன் பழைய ரோமாபுரியைப் போல ஒரு படையை நடத்துகிறான். தோற்றவர்களை அடிமையாக்குகிறான், சிலுவையில் அறைகிறான். நிப்டன் என்ற ஊரில் அவன் ஆட்கள் மக்களுக்குச் சீட்டுக் குலுக்கி, யார் எப்படிச் சாவது என்று தீர்மானித்திருப்பார்கள். அந்தத் தெருவில் நீங்கள் நடந்து போக வேண்டும்.

ஆனால் சீசர் நன்றாகப் பேசுவான். எதிரில் இருக்கும் குடியரசு ஊழலில் ஊறியது, அது நிலைக்காது என்பான். சீசரின் ஆட்சியில் சாலைகளில் கொள்ளையர் பயம் இல்லை என்பதை, உங்களுடன் வரும் ரவுல் போன்றவர்களும் சொல்வார்கள். கேட்கும்போது யோசிக்க வைக்கும். குறை என்னவென்றால், அந்த அமைதியான ஊர்களில் ஒன்றைக் கூட நாம் கேமில் பார்ப்பதில்லை. சீசரின் படை முகாம்களை மட்டுமே பார்க்கிறோம். அந்தப் பக்கத்தில் பணிகளும் குறைவு. பூன் போன்ற நல்ல துணைவர்கள் உங்களுடன் வர மறுப்பார்கள். நீங்கள் பெண் கதாபாத்திரமாக ஆடினால், முகாமின் போட்டிக் களத்தில் இறங்கவே அனுமதி இல்லை. நன்மை காதால் கேட்பது, கொடுமை கண்ணால் பார்ப்பது என்றால், ஆடுபவர் எதை நம்புவார்?

இதே நிறுவனம் உருவாக்கி 2016-இல் வெளியான டிரனி இதை வேறு விதமாக அணுகியது. அதில் கொடுங்கோல் பேரரசர் கைரோஸ் ஏற்கனவே வென்றுவிட்டார். நீங்கள் அவருடைய அதிகாரி. வில்லனுடன் சேரலாமா என்ற கேள்விக்கே இடமில்லை. சம்பளம் வாங்கிக் கொண்டு எவ்வளவு தூரம் உடன்படுவது, எங்கே மறுப்பது என்பதுதான் கேள்வி. வில்லன் பக்கத்தைப் பார்க்க விரும்புவோருக்கு நான் முதலில் சொல்லும் கேம் இதுதான்.

3. இழப்பதைக் கேம் உணர்த்துகிறதா?

நண்பரின் மகன் ஆடியது, லாரியன் நிறுவனம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட பால்டர்ஸ் கேட் 3. அதில் எமரால்ட் குரோவ் என்ற சோலையில் அகதிகள் தங்கியிருப்பார்கள். மின்தாரா என்பவள் தலைமையில் கோப்ளின் கூட்டம் அதை அழிக்கத் தேடிக் கொண்டிருக்கும். சோலை இருக்கும் இடத்தை அவளுக்குக் காட்டிக் கொடுத்து, நீங்களும் சேர்ந்து தாக்கலாம்.

தாக்கினால் மின்தாரா உங்கள் துணைக்கு வருவாள். ஆனால் வில், கார்லாக் என்ற இரண்டு துணைவர்கள் பிரிந்துவிடுவார்கள். ஹால்சின் கிடைக்க மாட்டார். சோலையில் பொருள் விற்றவர்கள், பாட்டுப் பாடியவர்கள் எல்லாரும் போய்விடுவார்கள். அந்த அகதிகளை நம்பி அடுத்த பாகத்தில் வர வேண்டிய பணிகளும் வராது. போதாக்குறைக்கு, மின்தாராவை மயக்கமடையச் செய்து வீழ்த்தினால் சோலையை அழிக்காமலே பின்னர் அவளைச் சேர்த்துக் கொள்ளலாம் என்ற வழியும் பிறகு வந்த பேட்ச்களில் திறந்தது. லாபக் கணக்குப் பார்த்தால், சோலையை அழிப்பது முழு நஷ்டம்.

ஆனால் கதைக் கணக்கு வேறு. "கூட இருந்தவங்க ஒவ்வொருத்தரா போறாங்க" என்று அந்த மாணவன் சொன்னானே, அது கேமின் குறை இல்லை. காட்டிக் கொடுத்தவனுடன் நல்லவர்கள் இருக்க மாட்டார்கள் என்பதை அவனுக்கு யாரும் உபதேசம் செய்யவில்லை. காலியாகிப் போன முகாம் சொல்லிவிட்டது. 2024 செப்டம்பரில் வந்த 7-ஆவது பேட்ச், தீய வழியில் செல்வோருக்கெனப் புதிய இறுதிக் காட்சிகளையும் சேர்த்தது. ஆக, அந்தப் பாதையில் கடைசி வரை செல்ல விரும்புவோருக்கும் முடிவு காத்திருக்கிறது.

சேர்வதற்கு முன் செய்ய வேண்டியவை

வில்லன் பக்கத்தை முயன்று பார்க்க விரும்பினால், கீழே உள்ளவற்றைக் கவனியுங்கள்.

முதல் முறை நல்லவர் பாதையில் ஆடி முடியுங்கள். எதை இழக்கிறோம் என்பது தெரிந்தால்தான், இழப்பதில் பொருள் இருக்கும்.

முக்கியமான முடிவு எடுப்பதற்கு முன் தனியாக ஒரு சேவ் செய்து, அதற்குப் புரியும்படி பெயர் கொடுங்கள். எப் 5 கீயை அழுத்திச் செய்யும் குயிக் சேவ் மட்டும் போதாது. ஸ்கைரிமில் அடுத்த முறை எப் 5 அழுத்தினால் பழைய குயிக் சேவ் அழிந்துவிடும்.

சேவ் பைல்கள் உள்ள போல்டரை ஒரு பென் டிரைவில் காப்பி செய்து வையுங்கள். ஸ்கைரிம், நியூ வேகாஸ் ஆகியவற்றில் டாக்குமெண்ட்ஸ் போல்டரைத் திறந்து, மை கேம்ஸ் என்ற போல்டருக்குள் சென்றால் கேமின் பெயரில் ஒரு போல்டர் இருக்கும். அதனுள் சேவ்ஸ் என்று காணப்படும். பால்டர்ஸ் கேட் 3-க்கு இது மறைத்து வைக்கப்பட்ட ஆப்டேட்டா போல்டரில், லோக்கல் என்பதனுள் லாரியன் ஸ்டூடியோஸ் என்ற பெயரில் இருக்கும். விண்டோஸ் 11-இல் பைல் எக்ஸ்ப்ளோரரின் வியூ மெனு சென்று, ஷோ என்பதில் ஹிடன் ஐட்டம்ஸ் என்பதனைக் கிளிக் செய்திட்டால் ஆப்டேட்டா கண்ணுக்குத் தெரியும்.

பால்டர்ஸ் கேட் 3-இல் ஹானர் மோட் என்ற முறையைப் புதியவர்கள் தேர்ந்தெடுக்க வேண்டாம். அதில் ஒரே சேவ்தான். பின்னோக்கிச் செல்ல வழியில்லை.

கேமின் வயதுக் குறியீட்டைப் பாருங்கள். பால்டர்ஸ் கேட் 3, ஸ்கைரிம், நியூ வேகாஸ் ஆகிய மூன்றுக்கும் ஐரோப்பிய முறையில் 18 வயது என்று குறிக்கப்பட்டுள்ளது. பள்ளி செல்லும் சிறுவர்களுக்கு இவை வேண்டாம்.

ஹார்ட் டிஸ்க் இடத்தையும் பார்த்துக் கொள்ளுங்கள். பால்டர்ஸ் கேட் 3 மட்டும் 150 ஜிபி கேட்கும். அதுவும் எஸ்.எஸ்.டி. டிரைவாக இருக்க வேண்டும்.

பெற்றோருக்கு

என் நண்பரிடம் நான் சொன்னது இதுதான். நாடகத்தில் துரியோதனன் வேடம் கட்டுபவர் துரியோதனன் ஆகிவிடுவதில்லை. வேடத்தைக் கலைத்த பிறகு அவர் எப்படிப் பேசுகிறார் என்று பாருங்கள். மகன் சோலையை அழித்துவிட்டு அதைப் பற்றி வருத்தத்துடன் கேள்வி கேட்கிறான் என்றால், கவலைப்பட ஒன்றுமில்லை. திரையைப் பார்த்துத் திட்டுவதைவிட, பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, "ஏன் இவங்க பக்கம் சேர்ந்தே?" என்று கேளுங்கள். பதில் சொல்வதற்காகவாவது அவன் காரணத்தை யோசிப்பான். நான் மிஷனைக் கொல்லச் சொன்ன அன்று என் பக்கத்தில் அப்படி யாரும் இல்லை.

அன்று மாலையே சேவ் பட்டியலைத் திறந்து பார்த்தோம். சோலையைத் தாக்குவதற்கு முன், கேம் தானாகவே செய்து வைத்திருந்த ஆட்டோ சேவ் ஒன்று இருந்தது. அதைத் திறந்து, புதிய பெயரில் சேமித்துக் கொடுத்தேன். இப்போது மகன் இரண்டு கதைகளையும் ஆடுகிறான். வில்லன் கதை அவனுடையது. மற்றொன்றில் தந்தை பக்கத்தில் உட்கார்ந்து, திரையில் வரும் பதில்களைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, எதைத் தேர்ந்தெடுப்பது என்று சொல்கிறார். சென்ற வாரம் பார்த்தபோது, "சார், அந்தக் கோப்ளின்கிட்டப் பொய் சொல்லித் தப்பிச்சுக்கலாம்னு சொன்னேன். பையன் ஒத்துக்க மாட்டேங்கிறான். பொய் சொன்னா நல்லவன் கணக்குல வராதாம்" என்று குறைப்பட்டுக் கொண்டார்.